வராத கணக்கை யாரிடம் கேட்பது?

வீட்டுப்பாடத்தில் ஒரு கணக்கு வரவில்லை என்றால், "வகுப்புல யார் நல்லா போடுறாங்களோ அவங்களைக் கேளு" என்பதுதான் பெரியவர்கள் சொல்லும் யோசனை. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. கணக்கில் நான் நடுவரிசை ஆள், பள்ளியில் படித்த காலம் முழுக்க யாரையாவது கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். முதல் மார்க் வாங்குகிறவளிடமும் போய் நின்றிருக்கிறேன், முந்தின நாள்தான் அதே கணக்கோடு மல்லுக்கட்டி எழுந்த பக்கத்து பெஞ்சுக்காரியிடமும் கேட்டிருக்கிறேன். எனக்குப் புரிந்ததெல்லாம் பெரும்பாலும் பக்கத்து பெஞ்சில்தான்.

முதல் மார்க்காரிக்குச் சொல்லித்தர மனசில்லை என்று அர்த்தமில்லை. நோட்டை வாங்கிப் பார்ப்பாள், "இதுல என்ன இருக்கு, இதைப் பிரி, காமனா இருக்கிறதை வெளியே எடு, முடிஞ்சது" என்று சொல்லிக்கொண்டே போட்டும் காட்டிவிடுவாள். நாமும் தலையை ஆட்டிவிட்டு வருவோம். நாம் நின்றுபோன இடம் அவள் நிற்கவே நிற்காத இடம், அதனால் அங்கே சொல்வதற்கு ஏதாவது இருக்கிறது என்றே அவளுக்குத் தோன்றாது.

ஒரு காரணிப்படுத்தும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 6 எக்ஸ் ஸ்கொயர் + எக்ஸ் − 12. 6-ஐயும் −12-ஐயும் பெருக்கினால் −72, நடுவில் எக்ஸுக்கு முன்னால் இருப்பது 1; ஆக, பெருக்கினால் −72, கூட்டினால் 1 வருகிற ஜோடி வேண்டும். 9, −8 என்று கண்டுபிடித்து நடு உறுப்பைப் பிரித்து, 6 எக்ஸ் ஸ்கொயர் + 9 எக்ஸ் − 8 எக்ஸ் − 12 என்று எழுதுகிறவரை எல்லோரும் வந்துவிடுவார்கள். முதல் இரண்டு உறுப்பிலிருந்து 3 எக்ஸை வெளியே எடுத்தால் உள்ளே 2 எக்ஸ் + 3. சரி. மிச்சம் −8 எக்ஸ் − 12. இதில் −4 வெளியே வந்ததும், உள்ளே 2 எக்ஸ் − 3 என்று எழுதத்தான் கை போகும், மேல் வரியில் 12-க்கு முன்னால் மைனஸ்தானே இருக்கிறது! எழுதி முடித்தால் இரண்டு அடைப்புக்குறிக்குள்ளும் ஒரே கோவை இல்லை. உடனே என்ன செய்வோம் என்றால், 9, −8 தப்பாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து, திரும்பப் போய் 72-க்கு வேறு ஜோடி தேட ஆரம்பிப்போம், தப்பே இல்லாத இடத்தில் தப்பைத் தேடித் தேடி ரஃப் நோட்டில் ஒரு பக்கம் நிறைந்துவிடும், கடைசியில் கணக்கே தப்பாக அச்சாகியிருக்கிறது என்று கைடின் மேல் பழி போடுவோம். பக்கத்து பெஞ்சுக்காரி இதைப் பார்த்த உடனே சொன்னாள்: "வெளியே மைனஸ் போச்சுன்னா உள்ளே எல்லாக் குறியும் மாறணும்டி, நானும் நேத்து இங்கேதான் நின்னேன். நீ எழுதினதைத் திரும்பப் பெருக்கிப் பாரு." பெருக்கினால் −4-ம் −3-ம் சேர்ந்து +12 ஆகிறது. நமக்கு வேண்டியது −12. விஷயம் அவ்வளவுதான்.

இது என் அனுபவம் மட்டுமில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்துகிற எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் இதையே வகுப்பறையில் பார்த்தார். நியூட்டனின் விதியைப் பற்றிய ஒரு கேள்வியை அவர் மாற்றி மாற்றி விளக்கியும் மாணவர்கள் முழித்துக்கொண்டே இருந்தார்கள். வேறு வழியில்லாமல் "நீங்களே பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள்" என்று விட்டுவிட, அரங்கமே சந்தைக்கடை மாதிரி ஆகி, கொஞ்ச நேரத்தில் விடை அவர்களுக்குள்ளேயே வந்துவிட்டது. இப்போதுதான் புரிந்துகொண்டவருக்கு எது புரியாமல் இருந்தது என்பது இன்னும் நினைவில் இருக்கும், பல வருடமாகத் தெரிந்தவருக்கு அது மறந்துபோயிருக்கும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். அதற்குப் பிறகு தன் வகுப்புகளையே அவர் அந்த மாதிரி மாற்றிக்கொண்டார்: கேள்வி, தனித்தனியாக ஒரு விடை, பக்கத்திலிருப்பவரோடு வாக்குவாதம், மறுபடி விடை.

யாரிடம் என்பது ஒரு பாதி. எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். "இந்தக் கணக்கு புரியலை" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் என்ன செய்ய முடியும்? முழுசாகப் போட்டுக் காட்டுவார். வாட்ஸ்அப் குரூப்பில் நடப்பதும் இதுவேதான். "ஆறாவது கணக்கு யாராவது போட்டா அனுப்புங்க" என்று ஒரு செய்தி போகும், யாரோ ஒரு புண்ணியவான் நோட்டைப் படம் பிடித்துப் போடுவான், அதை எல்லோரும் வரிக்கு வரி எழுதுவார்கள், அவன் அடித்துத் திருத்திய இடத்தை மட்டும் சுத்தமாக எழுதிக்கொள்வார்கள். மறுநாள் வீட்டுப்பாடம் முடிந்தது. டெஸ்டில் அதே கணக்கு எண் மாறி வந்தால் தெரியும் சேதி.

நான் பிடித்துக்கொண்ட வழி இது: கணக்கைப் பற்றிக் கேட்காமல் வரியைப் பற்றிக் கேட்பது. "மூணாவது வரி வரைக்கும் வந்துட்டேன், அதுக்கு அப்புறம் இந்த 4 எங்கிருந்து வந்துச்சு?" இப்படிக் கேட்டால் எதிராளிக்கும் சுலபம், எங்கே விரல் வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். இதில் இன்னொரு லாபம், அப்படிக் கேட்பதற்காக எழுதிப் பார்க்கும்போதே பாதி சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். அனுப்ப டைப் செய்துவிட்டு அழித்துப் போட்ட கேள்விகள் எனக்கு நிறைய உண்டு.

இந்த "வரி கேட்பது" சின்னப் பிள்ளை வேலை என்று நினைக்க வேண்டாம். ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிரூபித்துவிட்டதாக ஆண்ட்ரூ வைல்ஸ் 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் அறிவித்தார். முந்நூற்றைம்பது வருடமாக யாருக்கும் பிடிபடாத கணக்கு. அதைச் சரிபார்த்தவர்களில் ஒருவரான நிக் காட்ஸ் செய்தது, வரி வரியாகப் படித்து, புரியாத இடத்திலெல்லாம் "இது எப்படி வந்தது?" என்று வைல்ஸுக்கு மின்னஞ்சல் அனுப்பியதுதான். பெரும்பாலான கேள்விகளுக்குச் சீக்கிரமே பதில் வந்தது. ஒன்றுக்கு மட்டும் வந்த பதில் போதவில்லை, தோண்டிப் பார்த்தால் நிரூபணத்தில் பெரிய ஓட்டை. வைல்ஸ் தனியாகப் போராடிப் பார்த்துவிட்டு, தன்னிடம் முன்பு படித்த ரிச்சர்ட் டெய்லரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, 1994 செப்டம்பரில்தான் அதை அடைத்தார். நம் நோட்டில் இருக்கும் ஓட்டைக்குப் பக்கத்து பெஞ்சு போதும்.

வரியைப் பற்றிக் கேட்டும் தீராத ஒரு வகை உண்டு. முக்கோணவியல் நிரூபணங்கள். சைன் தீட்டாவை 1 + காஸ் தீட்டாவால் வகுத்தால், அது 1 − காஸ் தீட்டாவை சைன் தீட்டாவால் வகுப்பதற்குச் சமம் என்று காட்ட வேண்டும். தோழி மேலும் கீழும் 1 − காஸ் தீட்டாவால் பெருக்குவாள், கீழே 1 − காஸ் ஸ்கொயர், அது சைன் ஸ்கொயர், ஒரு சைனை அடித்தால் முடிந்தது. ஒவ்வொரு வரியும் புரியும், ஆனாலும் ஒன்றும் புரியாது! இங்கே கேட்க வேண்டியது "இதால பெருக்கணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு?" என்பது. எனக்குக் கிடைத்த பதில்: "கீழே 1 + காஸ் இருந்தா எனக்குப் பிடிக்காது, அதோட ஜோடியைக் கொண்டு வந்தா ஸ்கொயர் ஆகிடும், ஸ்கொயர் ஆனா சைனா மாத்திடலாம்." இந்த ஒரு வாக்கியம் எந்த கைடிலும் அச்சாகியிருக்கவில்லை. அந்தப் பாடத்தில் பாதிக் கணக்கை நான் இதை வைத்தே ஓட்டினேன்.

பேனா விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். சொல்லித்தருகிறவர் கையில் பேனாவைக் கொடுத்தால் அவர் போட்டுவிடுவார், நாம் வேடிக்கை பார்ப்போம். அவர் வாயால் சொல்லட்டும், எழுதுவது நம் கையாக இருக்கட்டும். முடிந்ததும் நோட்டை மூடிவிட்டு அதே கணக்கை வெறும் தாளில் ஒரு தடவை போட வேண்டும், இல்லையென்றால் புரிந்தது யாருக்கு என்பதே சந்தேகம்.

இப்படியெல்லாம் சொன்னாலும், பக்கத்து பெஞ்சில் ஒரு ஆபத்து இருக்கிறது. தப்பை ரொம்ப நம்பிக்கையாகச் சொல்லித்தருவார்கள். ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயர் என்றால் ஏ ஸ்கொயர் ப்ளஸ் பி ஸ்கொயர் என்று அடித்துச் சொல்கிறவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. எக்ஸ் ஸ்கொயர் = 5 எக்ஸ் என்று வந்தால் இரண்டு பக்கமும் எக்ஸை அடித்துவிட்டு விடை 5 என்பார்கள், 0 என்கிற இன்னொரு விடை அப்படியே காணாமல் போய்விடும். அதனால் யார் சொன்னாலும் எண்ணைப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஏ 1, பி 2 என்று வைத்தால் ஒரு பக்கம் 9, இன்னொரு பக்கம் 5. சண்டையே வேண்டாம்.

வாக்கியக் கணக்கில் இது இன்னும் உதவும். ஒருவர் ஒரு வேலையை 6 நாளில் முடிப்பார், இன்னொருவர் 3 நாளில், சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? 9 என்று ஒருவர் சொல்வார், சராசரி எடுத்து நாலரை என்று இன்னொருவர். வேலை செய்கிறவர்களில் இரண்டாமவர் தனியாகவே 3 நாளில் முடித்துவிடுவார், துணைக்கு ஆள் வந்த பிறகு எப்படி அதிகமாகும்? ஒரு நாளில் இவர் ஆறில் ஒரு பங்கு, அவர் மூன்றில் ஒரு பங்கு, சேர்ந்து பாதி, ஆக 2 நாள். இப்படி வாய்விட்டுப் பேசினால்தான் தப்பு காதில் விழும், தனியாக உட்கார்ந்து போடும்போது 9 என்பதும் நல்ல விடையாகத்தான் தெரியும்.

இரண்டு பேருக்குமே தெரியவில்லை என்றால் ஆசிரியரிடம் சேர்ந்தே போங்கள். தனியாகப் போனால் "வகுப்புல கவனிச்சியா?" என்றுதான் முதலில் விழும். இரண்டு பேர் நோட்டை விரித்துக்கொண்டு, "சார், நான் இப்படிப் போட்டேன், இவ இப்படிப் போட்டா, எது தப்பு?" என்று போய் நின்றால், அவருக்கே ஆர்வம் வந்து சாக்பீஸை எடுத்துவிடுவார்.