மேரி டிரெஸ்லரின் அந்த ஒரு தடுமாற்றம்

‘டின்னர் அட் எய்ட்’ (1933) என்ற ஹாலிவுட் படத்தின் கடைசிக் காட்சி. இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே விருந்துக்கு நடக்கிறார்கள். தான் ஒரு புத்தகம் படித்ததாக ஜீன் ஹார்லோ சொன்னதும் மேரி டிரெஸ்லர் சட்டென்று தடுமாறி நிற்கிறார். கண்ணை மட்டும் உருட்டுவதில்லை, எடுத்து வைத்த காலிலிருந்து தோள் வரை மொத்த உடம்பும் அதிர்கிறது. பிறகுதான் திரும்பிப் பார்க்கிறார். வசனம் காதில் விழுந்த பிறகே அந்த அதிர்ச்சி வரவேண்டும். முந்தினால் ஒத்திகை பார்த்தது தெரிந்துவிடும், பிந்தினால் சிரிப்பு போய்விடும். பல்லாண்டு மேடைப் பழக்கம் அது.

டிரெஸ்லர் 1868இல் கனடாவில் பிறந்தவர். 1914இல் சாப்ளினோடு நடித்த ‘டில்லிஸ் பங்சர்ட் ரொமான்ஸ்’ படத்தில் மையப் பாத்திரமே இவர்தான். 1920களில் வாய்ப்புகள் வற்றிப்போயின. திரைக்கதை எழுதும் பிரான்சஸ் மேரியன்தான் 1927இல் எம்ஜிஎம் ஸ்டுடியோவுக்கு அழைத்து வந்தார். 1930இல் ‘அன்னா கிறிஸ்டி’யின் குடிகார மார்த்தி; மௌனப்பட நட்சத்திரம் கிரெட்டா கார்போ முதன்முதலாகப் பேசிய படத்திலும் கவனத்தைத் தன் பக்கம் இழுத்துவிட்டார்! அதே ஆண்டு வந்த ‘மின் அண்ட் பில்’ சிறந்த நடிகைக்கான ஆஸ்கரைத் தந்தது.

1932, 1933 இரண்டு ஆண்டும் திரையரங்கு உரிமையாளர்களின் வசூல் நட்சத்திரப் பட்டியலில் முதலிடம், 60 வயதைத் தாண்டிய இந்தப் பெண்மணிக்கு. 1934இல் புற்றுநோயால் இறந்தார்.