மடு மாதாவின் முற்றத்தில் அம்மாவோடு

திருவிழாக் காலமல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வவுனியாவிலிருந்து மன்னாருக்குச் செல்லும் பேருந்தில் ஏறி, மடுச் சந்தியில் இறங்கி, முதிரையும் பாலையும் அடர்ந்த காட்டு வழியே முச்சக்கர வண்டியில் நானும் அம்மாவும் இலங்கையின் வடக்கிலுள்ள மடு மாதா திருத்தலத்தைச் சென்றடைந்தோம். ஆவணித் திருவிழாவுக்கு இலட்சக்கணக்கானோர் கூடும் முற்றத்தில் அன்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே இருந்தார்கள்.

1990இல் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபோது எங்கள் குடும்பம் இந்த வளாகத்தில்தான் தஞ்சம் புகுந்தது. ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையகத்தின் திறந்த நிவாரண மையம் இங்கே இயங்கியது. தறப்பாள் கொட்டில்களில் ஆயிரக்கணக்கானோர் நெருங்கி வாழ்ந்த அந்த நாட்களில் எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. மாலையில் மணியடித்ததும் கொட்டிலுக்குக் கொட்டில் செபமாலை தொடங்கிவிடும். பசியோடு படுத்த இரவுகளிலும் அந்த ஒலியைக் கேட்டபடி நான் பயமின்றி உறங்கியிருக்கிறேன். நாங்கள் ஊர் திரும்பிய பின்னர், 1999 நவம்பரில், இந்த வளாகத்தில் விழுந்த எறிகணைகளில் தஞ்சமடைந்திருந்தோர் ஏறத்தாழ நாற்பது பேர் உயிரிழந்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட நாளில் என் செபம் நின்றது. 2009இல் தம்பி காணாமல் போனபின் கோயில் வாசலையே நான் மிதிக்கவில்லை.

மாதாவின் திருச்சொரூபமும் ஓர் அகதியாகத்தான் இந்தக் காட்டுக்கு வந்தது என்பதை நான் சிறுவயதில் கதையாகக் கேட்டேனே தவிர, அதன் பொருளை உணரவில்லை. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்த குடும்பங்கள் சில இச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு மருதமடு எனப்படும் இந்த இடத்துக்குத் தப்பி வந்தன. 1924இல் முடிசூட்டப்பட்ட அதே அன்னை, 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில்தான் வீடு திரும்பினார். 2015 சனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் இங்கே வந்து, போரில் பிள்ளைகளை இழந்த தமிழ், சிங்களக் குடும்பங்களோடு சேர்ந்து செபித்தபோது, அம்மா அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தார். உடன் வரும்படி கெஞ்சிக் கேட்டும் நான் போகவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

பீடத்தின் முன் அம்மா முழந்தாளிட்டு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இருந்தார். எங்களுக்கு அருகில் ஒரு சிங்களத் தாய் மெழுகுதிரியை ஏற்றிவிட்டு ஓசையின்றி அழுதுகொண்டிருந்தார். வெளியே வந்து மர நிழலில் அமர்ந்தபோது, இத்தனை நேரமும் என்ன கேட்டீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"ஒண்டும் கேக்கேல்லைத் தம்பி. கேக்கிறதை விட்டுக் கன காலம். பிள்ளையைப் பறிகுடுத்த தாய்தானே அவவும். வந்து கொஞ்ச நேரம் பக்கத்தில இருந்திட்டுப் போறன்."

உலகம் தருவது போன்றதல்ல தாம் தரும் அமைதி என்று சிலுவைப்பாடுகளுக்கு முந்தின இரவில் இயேசு தம் சீடரிடம் சொன்னதைப் பலமுறை வாசித்திருக்கிறேன். துயரம் தீர்ந்தபின் வருவதே அமைதி என்று எண்ணியிருந்த எனக்கு, தம்பியைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் கிடைக்காத நிலையிலும் தெளிந்திருந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபோதுதான் அந்த வார்த்தை விளங்கியது. மீண்டும் உள்ளே சென்று, அம்மா விட்டுவைத்த இடத்தில் முழந்தாளிட்டேன். அருள் நிறைந்த மரியே என்று தொடங்கியதும் குரல் உடைந்தது. ஆயினும் மன்றாட்டை நிறுத்தவில்லை. செபமாலையின் ஐம்பத்து மூன்று மணிகளையும் சொல்லி முடித்தேன்.

விடம் தீண்டாமல் காக்கும் என்ற நம்பிக்கையில் மடு மண்ணை வீட்டுக்கு எடுத்துச் செல்வது எங்கள் வழக்கம். புறப்படும் முன் அம்மா குனிந்து இரண்டு பிடி மண் அள்ளி, முந்தானையின் இரு முனைகளிலும் தனித்தனியே முடிந்துகொண்டார். ஒன்று என் வீட்டுக்கு. மற்றது தம்பிக்கு.