பாதி ஓட்டு இந்தப் பக்கம்: ஜெனீவா நாட்குறிப்பு

12 நவம்பர் 2025, புதன்

அக்கா போன்ல கேட்டா, "ஏண்டி, நீ பாக்குறது காசு வாங்குற வேலையா, குடுக்குற வேலையா?" பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தேன், பீஸ்னு சொல்ற வடகிழக்குக் காத்து காதை அறுக்குது, சரியா பதில் சொல்ல முடியல. ராத்திரி உக்காந்து யோசிச்சேன், அவளுக்காகவே எழுதி வைக்கிறேன்.

எய்ட்ஸ், டிபி, மலேரியா மூணையும் எதிர்க்க நாடுகளுக்குப் பணம் திரட்டிக் குடுக்கன்னு 2002ல ஆரம்பிச்சது குளோபல் ஃபண்ட். அதோட போர்டுல ஓட்டு உள்ள சீட் 20. பத்து சீட் பணம் தர்ற பக்கம், எட்டு அரசாங்கங்களுக்கு, ஒண்ணு கம்பெனிகளுக்கு, ஒண்ணு ஃபவுண்டேஷன்களுக்கு. மீதி பத்து, பணத்தை வச்சு ஊர்ல வேலை செய்யுற பக்கம், ஏழு நாடுகளோட குழுக்களுக்கு, மூணு சிவில் சொசைட்டிக்கு, அதுல ஒரு சீட் இந்த நோய்களோட வாழ்றவங்களுக்கே. ஒரு தீர்மானம் பாஸ் ஆகணும்னா ரெண்டு பக்கத்துலயும் தனித்தனியா மூணுல ரெண்டு பங்கு வேணும்க்கா. எவ்வளவு பெரிய நாடு எத்தனை பில்லியன் குடுத்தாலும் இந்தப் பத்து பேரைத் தாண்டிப் போக முடியாது. இந்தப் பக்கத்துல ஒரு குழுவுக்கு ஃபோக்கல் பாயிண்ட் நான். போர்டு பேப்பரைப் படிச்சு, சுருக்கி, நாடுகளுக்கு அனுப்பி, அவங்க சொல்றதைத் திருப்பிக் கொண்டு வர்ற வேலை.

16 நவம்பர், ஞாயிறு

வர்ற வெள்ளிக்கிழமை ஜோகன்னஸ்பர்க்ல ரீப்ளெனிஷ்மென்ட். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை நாடுகள் எல்லாம் வந்து இவ்வளவு தர்றோம்னு வாக்கு குடுக்குற கூட்டம். இந்தத் தடவை தென்னாப்பிரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து நடத்துறாங்க, இலக்கு 18 பில்லியன் டாலர்.

இதுக்கு முன்னாடி வேற ஒரு நிதியத்துல டோனர் ரிலேஷன்ஸ்ல, அதாவது பணம் தர்றவங்களோட பேசுற வேலைல, நாலு வருஷம் இருந்தேன், அங்க கத்துக்கிட்ட முதல் பாடம் வாக்கு வேற வரவு வேறங்கிறது. மேடையில சொன்ன தொகை அக்ரிமென்ட் ஆகணும், அந்த நாட்டு பட்ஜெட்ல ஏறணும், பார்லிமென்ட் தாண்டணும், பவுண்டும் யூரோவும் டாலரா மாறும்போது குறையாம இருக்கணும். அமெரிக்கா விஷயத்துல இன்னொண்ணு, அவங்க பங்கு மொத்தத்துல 33 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு அவங்க சட்டமே சொல்லுது, அதாவது மத்தவங்க ரெண்டு டாலர் வச்சாத்தான் அவங்களோட ஒரு டாலர் வரும். அதனால ஒரு சின்ன நாடு தன் தொகையைக் குறைச்சா அந்தக் குறைச்சல் அதோட நிக்காது.

19 நவம்பர், புதன்

காலைல ஒரு நல்ல சேதி. ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி போட்டா எச்ஐவி தொத்தாம காப்பாத்துற லெனகாபவிர், முதல் தவணை எஸ்வதினிக்கும் ஜாம்பியாவுக்கும் போய்ச் சேர்ந்திருக்கு. பணக்கார நாடுகள்ல வந்து பல வருஷம் கழிச்சு ஆப்பிரிக்காவுக்கு மருந்து போன காலத்தை நினைச்சா, ஒரே வருஷத்துக்குள்ள போனது எனக்கு நெஞ்சு நிறைஞ்ச விஷயம்.

சாயங்காலம் எங்க குழுவோட போன் கூட்டம். ஒரு மேடம், சுகாதார அமைச்சகத்துல டிபி பிரிவு பாக்குறவங்க, ஆபீஸ்ல கரண்ட் இல்லன்னு கார்ல உக்காந்து போன்ல சேர்ந்தாங்க. பேப்பர் வரிசையா போட்டுட்டு வந்தேன், இது முடிவுக்கு, இது தகவலுக்கு மட்டும்னு. "அம்மா, தகவலுக்கு மட்டும்னு சொன்னதைத்தான் நான் ரெண்டு தடவை படிச்சேன், அடுத்த வருஷம் முடிவுக்கு வர்றது எல்லாம் இப்ப அங்கதான் இருக்கு"ன்னாங்க. சரியாச் சொன்னாங்க. போர்டுக்கு முன்னாடி பேப்பரைப் பாக்குற கமிட்டியில வாசகம் முடிவான பிறகு போர்டு மேசைல மாத்துறது ரொம்பக் கஷ்டம்.

21 நவம்பர், வெள்ளி

ஆபீஸ்ல பத்துப் பதினஞ்சு பேர் ஒரு ஸ்கிரீன் முன்னாடி. பேசுறவங்க எழுந்து தொகை சொல்லச் சொல்ல எனக்குப் பக்கத்துல ஒரு தம்பி பேனாவால கூட்டிட்டே வந்தான். அமெரிக்கா 4.6 பில்லியன் டாலர், போன தடவை 6. பிரிட்டன் 850 மில்லியன் பவுண்டு, போன தடவை ஒரு பில்லியன். கடைசியா அறிவிச்சது 11.34 பில்லியன் டாலர், அதாவது 1,134 கோடி.

கைதட்டினாங்க, நானும் தட்டினேன். எல்லாப் பக்கமும் உதவித்தொகையை வெட்டுற இந்த வருஷத்துல இவ்வளவு வந்ததே பெருசு, அதை வாங்கிட்டு வர எத்தனை பேர் எத்தனை தலைநகரத்துல அலைஞ்சாங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா 2022ல வந்தது 15.7. இன்னும் சில நாடுகள் பின்னாடி சொல்லலாம், 2022லயும் நியூயார்க்ல அன்னிக்கு அறிவிச்சது 14.25தான், பிரிட்டனும் இத்தாலியும் அப்புறமாத்தான் சேர்ந்தாங்க. அப்படி வந்தாலும் 18 எங்க இது எங்க.

23 நவம்பர், ஞாயிறு

தூக்கம் வரல. குறைஞ்ச பணத்தை யாருக்கு எவ்வளவுன்னு பிரிக்கிற ஃபார்முலா இனிமேதான் வேலை செய்யும். நோய்ப்பளு எவ்வளவு, நாட்டோட வருமானம் எவ்வளவுன்னு ரெண்டையும் வச்சு கணக்கு. அதுல ஒரு நாடு கொஞ்சம் வருமானம் ஏறினதாலயே பங்கு குறைஞ்சு போகும், அந்த நாட்டுக்குள்ள ஏழை மாவட்டம் அப்படியே ஏழையாத்தான் இருக்கும், இதை எங்க ஆளுங்க ஒவ்வொரு தடவையும் சொல்றாங்க, இந்தத் தடவை இன்னும் அழுத்தமாச் சொல்லணும்.

28 நவம்பர், வெள்ளி

மேடம்கிட்ட இருந்து வாய்ஸ் நோட், ஏழு நிமிஷம். வழக்கமா வர்றது "நோட்டட், தேங்க்ஸ்"தான், இது அப்படி இல்ல.

இந்த ஜூலைல, நாடுகளுக்கு ஏற்கனவே ஒதுக்கி நடந்துட்டிருக்கிற கிராண்ட்கள்ல இருந்தே மொத்தம் 1.43 பில்லியன் டாலர் குறைச்சாங்க, வாக்கு குடுத்த காசு நேரத்துக்கு வரல. எதை வெட்டணும்னு நாடுகளே சொல்லணும். மருந்துல கை வைக்கக் கூடாதுன்னு எல்லாரும் சொன்னாங்க, சரிதான். அதனால அவங்க நாட்டுல வெட்டுனது பைக் பெட்ரோல். மலைக்கிராமத்து ஹெல்த் போஸ்ட்ல சளி மாதிரியை டப்பால வாங்கி, ஐஸ் பெட்டில வச்சு, டெஸ்ட் மெஷின் இருக்கிற டவுனுக்கு வாரம் ரெண்டு தடவை கொண்டுபோற பையன்களுக்குக் குடுத்த காசு அது. இப்ப ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போறாங்களாம். மாத்திரை ஸ்டோர்ல இருக்கு, மெஷின் ஓடுது, அந்த டப்பா மட்டும் போய்ச் சேரல. "பட்ஜெட்ல அது ஒரே ஒரு வரிம்மா, இங்கிருந்து பாத்தா கண்ணுக்கே தெரியாது"ன்னாங்க. பேசிட்டிருக்கும்போதே பின்னாடி யாரோ இருமுற சத்தம் கேட்டுச்சு.

ரெண்டு தடவை கேட்டு, அப்படியே எழுதி, எங்க குழு போர்டு பேப்பருக்கு எழுதிக் குடுக்குற கருத்துல முதல் பத்தியா வச்சேன். முதல்ல நான் எழுதுனதுல "சாம்பிள் டிரான்ஸ்போர்ட் பாதிப்பு"ன்னு இருந்துச்சு, அதை அழிச்சுட்டு பைக், பெட்ரோல், டப்பான்னே போட்டேன். நடைமுறைச் செலவை வெட்டும்போது முதல்ல எந்த வரி போகுதுன்னு ஃபண்டை நடத்துற ஆபீஸான செக்ரட்டேரியட் நாடு நாடா கணக்குக் காட்டணும்னு கோரிக்கை. மத்த நாடுகள்ல மூணு பேர் ஒரு மணி நேரத்துல "எங்க ஊர்லயும் இதேதான்"னு பதில் போட்டாங்க, ஒருத்தர் தன் மாவட்ட ரிஜிஸ்டர் பக்கத்தை போட்டோ எடுத்தே அனுப்பிட்டார். நோயாளிங்க பேர் தெரியற கட்டத்தை மறைச்சுட்டு அதையும் இணைச்சேன்.

இன்னும் நாலு நாடு பதில் சொல்லணும். திங்கக்கிழமை மதியம் 12 மணிக்கு கெடு. ரெண்டு பேருக்கு பிரெஞ்சுல வேணும், இப்ப அதைத்தான் உக்காந்து மொழிபெயர்க்கிறேன்.