அம்மாவின் படிகாரக் கட்டியும் எச்.ஐ.வி. தடுப்பூசியும்

2015 வெள்ளம் வடிந்த பிறகும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் பல நாள் கலங்கியே இருந்தது. அம்மா படிகாரக் கட்டியைக் குடத்துக்குள் நான்கு சுற்றுச் சுற்றிவிட்டு எடுப்பார். சிறிது நேரத்தில் கலங்கல் திரிதிரியாகத் திரண்டு அடியில் படியும். கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தும் நான், தடுப்பூசியின் விளைவைக் கூட்ட அதில் சேர்க்கும் துணையூக்கியைப் பற்றிப் பேசும்போது அந்தக் குடத்திலிருந்துதான் தொடங்குவேன். 1926இல் கிளென்னி என்ற ஆங்கிலேயர், வீரியம் நீக்கிய டிப்தீரியா நஞ்சைப் படிகாரத்தால் இப்படித்தான் திரட்டி ஊசியாகப் போட்டு, எதிர்ப்பு பெருமளவு கூடுவதைக் கண்டார். அதற்குச் சற்று முன்பே பிரான்சில் காஸ்டன் ரமோன் மரவள்ளி மாவைக் கலந்து குதிரைகளுக்குப் போட்டுப் பார்த்திருந்தார்.

வைரஸின் புரதத் துண்டு மட்டும் தனியே உள்ளே போனால் உடல் அதை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. துணையூக்கி ஊசி போட்ட இடத்தில் சிறு அழற்சியை உண்டாக்க, காவல் அணுக்கள் விழித்து, அந்தப் புரதத்தை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டு சேர்க்கின்றன. அங்கே முளைமையம் என்னும் பயிற்சிக்கூடத்தில் பி அணுக்கள் என்னும் வெள்ளையணுக்கள் தம் மரபணுவைத் திருத்தித் திருத்தித் தேர்வு எழுதுகின்றன; தேறியவற்றுள் சில நினைவணுக்களாகின்றன, சில எலும்பு மஜ்ஜையில் தங்கிப் பல்லாண்டு ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கின்றன. எச்.ஐ.வி.யோ சர்க்கரைப் போர்வைக்குள் ஒளிந்துகொண்டு ஓயாமல் உருமாறுவது. அதன் பல வகைகளையும் அடக்கும் ஆன்டிபாடிக்கு மிக அதிகமான திருத்தங்கள் வேண்டும் என்பதால், இந்தப் பயிற்சி நெடுநாள் நடந்தாக வேண்டும்.

தாய்லாந்தில் 16,000 பேருக்கு மேல் பங்கேற்று 2009இல் முடிவு வெளியான ஆர்.வி.144 என்ற எச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனையில், படிகார இனத்தைச் சேர்ந்த அலுமினிய உப்பே துணையூக்கி. முதல் ஆண்டில் ஏறத்தாழ 60 விழுக்காடாகத் தெரிந்த பாதுகாப்பு, மூன்றரை ஆண்டில் 31 விழுக்காட்டுக்கு இறங்கியது. அதைத் தென்னாப்பிரிக்காவுக்கு ஏற்ப மாற்றியபோது, உள்ளூர் வைரஸ் வகையைச் சேர்த்ததோடு, படிகார இனத்தைக் கைவிட்டு ஸ்குவாலீன் எண்ணெய்க் குழம்பான எம்.எஃப்.59ஐப் போட்டார்கள். 2020 பிப்ரவரியில் அந்தச் சோதனை நின்றது: தடுப்பூசி போட்டவர்களில் 129 பேருக்கும் போலி ஊசி போட்டவர்களில் 123 பேருக்கும் தொற்று. பழியை எண்ணெய்க் குழம்பின் மேல் மட்டும் போட முடியாது. ஆனால் 2016இல் வெளியான குரங்கு ஆய்வு ஒன்றிலேயே, எம்.எஃப்.59 அதிக ஆன்டிபாடியைத் தந்தும் காக்கவில்லை, எளிய அலுமினிய உப்போ தொற்றைக் குறைத்தது. ஆன்டிபாடி அளவு கூடினாலே வெற்றி என்று என் மாணவர்கள் எழுதும்போது நான் மதிப்பெண் குறைப்பது இதனால்தான்.

இப்போது எனக்கு நம்பிக்கை தருவது 2022இல் வெளியான சிறிய முதற்கட்டச் சோதனை. ஏ.எஸ்.01பி என்ற துணையூக்கியுடன் ஒரு நுண்துகள் தடுப்பூசி பெற்ற 36 பேரில் 35 பேருக்கு, தேவையான அரிய வகை பி அணுக்கள் பெருகத் தொடங்கின. அந்த அணுக்களுக்கு இது முதல் வகுப்புதான். அடுத்தடுத்து வேறு வடிவ ஊசிகள் வந்தால்தான் அவை மேலே படிக்கும். ஏ.எஸ்.01பியின் ஒரு பாகம் சிலி நாட்டு மரப்பட்டையிலிருந்து எடுக்கும் சப்போனின். பட்டுப்புடவை அலச அம்மா ஊறவைக்கும் பூந்திக்கொட்டையில் நுரைப்பதும் ஒருவகைச் சப்போனின்தான்.