நூறு வருஷத் திட்டமும் நான்கு மார்ஷல்களும்

"சீனாக்காரன் நூறு வருஷத்துக்குத் திட்டம் போட்டு வச்சிருப்பான் சார்." டிவி விவாதங்களில் யாராவது ஒருத்தர் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. எனக்கு இதில் துளிகூட நம்பிக்கை கிடையாது.

1950 பிப்ரவரியில் மாவோ சோவியத்தோடு போட்டது முப்பது வருஷ நட்பு ஒப்பந்தம். 1960-லேயே சோவியத் நிபுணர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். 1969 மார்ச்சில் உசூரி ஆற்றுத் தீவு ஒன்றுக்காக இரு படைகளும் சுட்டுக்கொண்டன. ஒப்பந்தம் என்னவோ அப்போதும் அமலில்தான் இருந்தது! (நமக்கும் 1954-ல் பஞ்சசீலம், 1962-ல் போர்.)

எனக்குப் பிடித்த கட்டம் அந்த 1969-தான். மாவோ கிளப்பிவிட்ட களையெடுப்பான பண்பாட்டுப் புரட்சியில், கெய்ரோவிலிருந்த ஹுவாங் ஹுவாவைத் தவிர எல்லாத் தூதர்களையும் ஊருக்கு அழைத்தாயிற்று. இந்தக் கூத்துக்கு நடுவே, ஓரங்கட்டி வைத்திருந்த மூத்த ராணுவத் தளபதிகளான நான்கு மார்ஷல்களிடம் உலக நிலவரத்தை அலசச் சொன்னார் மாவோ: சென் யீ, யே ஜியான்யிங், சூ ஷியாங்சியான், நியே ரொங்ஜென். அமெரிக்காவைவிட சோவியத்தால்தான் ஆபத்து அதிகம் என்றார்கள் அவர்கள். சென் யீ இன்னும் ஒருபடி மேலே போய், அமெரிக்காவோடு உயர்மட்டத்தில் பேசலாம் என்றார். அமெரிக்க ஏகாதிபத்தியம் ஒழிக என்று நாடே கத்திக்கொண்டிருந்த நேரத்தில் இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

1971 ஏப்ரலில் அமெரிக்க டேபிள் டென்னிஸ் அணி வந்தது. ஜூலையில் பாகிஸ்தான் வழியாக ரகசியமாக அமெரிக்க அதிபர் நிக்சனின் ஆலோசகர் கிஸ்ஸிங்கர். அக்டோபரில் ஐ.நா.வில் சீனாவுக்கான இடமும் கிடைத்தது. நிக்சன் வந்து இறங்கியது 1972 பிப்ரவரி 21. சென் யீ அதைப் பார்க்கவில்லை. ஜனவரி 6-லேயே புற்றுநோயில் போய்விட்டார்.

இது பயத்தில் எடுத்த திருப்பம். சோவியத் பயம் இல்லையென்றால் நிக்சனுக்கு பெய்ஜிங்கில் என்ன வேலை?

பிறகு, மாவோவுக்கு அப்புறம் சீனாவை நடத்திய டெங் ஷியாவ்பிங் காலம். 1979-ல் வியட்நாம் மேல் படையெடுத்ததை விட்டால், பெரும்பாலும் தலையைக் குனிந்து வியாபாரம் பார்த்தார்கள். 2001-ல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தார்கள். 2013-ல் ஷி ஜின்பிங் கஜகஸ்தானில் புதிய பட்டுப்பாதை என்ற வர்த்தகப் பாதைத் திட்டத்தை அறிவித்தபோது அந்தக் குனிவு போயே போச்சு.

அயல்நாட்டில் ராணுவத் தளம் வைக்கமாட்டோம் என்று பல காலம் சொல்லிவந்தவர்கள், 2017-ல் கிழக்கு ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டியில் ஒன்றைத் திறந்தார்கள். இதையும் பழைய ரகசியத் திட்டம் என்பவர்கள் உண்டு. ஆனால் 2008 கடைசியிலிருந்தே சோமாலியக் கொள்ளையரிடமிருந்து கப்பல்களைக் காக்க அங்கே அவர்கள் கடற்படை சுற்றிக்கொண்டிருந்தது. 2011-ல் லிபியாவிலிருந்து 35,000-க்கும் அதிகமான சீனர்களை மீட்க வேண்டிவந்தது. சரக்கும் ஆளும் முதலில் போய்விட்டார்கள். கொள்கை மூச்சிரைக்கப் பின்னால் ஓடியது.