பெண் இசையமைப்பாளர்களுக்கு: இரண்டாவது மேடையையும் இப்போதே கேளுங்கள்

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் 1903இல் இசையமைப்பாளர் எத்தல் ஸ்மித்தின் ஓபரா (பாடியே நடிக்கும் இசை நாடகம்) மேடையேறியது. ஒரு பெண் எழுதிய அடுத்த ஓபரா அங்கே வந்தது 2016இல், காயா சாரியாஹோவுடையது. இடையில் 113 ஆண்டுகள்! பெண்கள் எழுதாமல் இருக்கவில்லை. மேடைதான் கிடைக்கவில்லை.

மேடை கொடுத்தால் நடப்பதையும் பார்த்துவிட்டோம். நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு 'புராஜெக்ட் 19' திட்டத்தில் 19 பெண்களிடம் புதிய படைப்புகள் கேட்டது. அதில் தானியா லியோனின் 'ஸ்ட்ரைட்' 2020இல் அரங்கேறி, 2021இல் இசைக்கான புலிட்சர் பரிசு பெற்றது.

ஆனால் பெரும்பாலான புதுப் படைப்புகள் அரங்கேற்றத்தோடு முடங்கிவிடுகின்றன. அதற்கு மருந்து, படைப்பைக் கேட்கும் குழுவோடு நீங்கள் போடும் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. பதிப்புரிமை உங்களிடமே இருக்கட்டும். பாதித் தொகையைக் கையெழுத்தானதும் கேளுங்கள். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தாள் தயாரிக்கும் செலவைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்தச் செலவு உங்கள் சம்பளத்தைத் தின்றுவிடும். வேறு குழு வாசிக்கத் தடை ஓராண்டைத் தாண்ட வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியம், அரங்கேற்றத்தின் ஒலிப்பதிவை அடுத்த குழுக்களுக்கு அனுப்பும் உரிமை. கணினி வாசித்த மாதிரியைக் கேட்டு இசைக்குழு நடத்துநர்கள் முடிவெடுப்பது அரிது.

ஒத்திகை நேரம் எப்போதும் குறைவுதான். எழுதியதிலிருந்து வேறு சுருதியில் ஒலிக்கும் கிளாரினெட்டின் தாளைச் சுருதி மாற்றி எழுதாமல் விட்டாலோ, பக்கம் திருப்பும் இடத்தில் வாசிப்பவருக்கு ஓய்வு வைக்காவிட்டாலோ, அந்த நேரம் திருத்தத்திலேயே போய்விடும், இசைக்கு மிஞ்சாது.

பெயர் மறைத்து அனுப்பும் போட்டிகளைத் தேடிப்பிடியுங்கள். அனுப்பும் பிடிஎஃப் கோப்பின் விவரப் பகுதியிலும் ஒலிக்கோப்பின் பெயரிலும் உங்கள் பெயர் ஒட்டியிருக்கும், அழித்துவிட்டு அனுப்புங்கள்.