சுகி மரங்கள் பூக்கும் முன்

டோக்கியோவில் ஜனவரிக் குளிர் உச்சத்தில் இருக்கும்போதே மருந்துக்கடைகளின் வாசல் அலமாரிகள் மாறத் தொடங்கிவிடும். சளி, இருமல் மருந்துகள் உள்ளே போக, முகக்கவசங்களும் கண் சொட்டு மருந்துகளும் மூக்கு ஸ்பிரேக்களும் முன்னுக்கு வரும். 'கஃபுன்ஷோ' என்று ஊரே சொல்லும் மகரந்த ஒவ்வாமைப் பருவம் இப்பகுதியில் பிப்ரவரியில்தான் தொடங்குகிறது என்றாலும், அதோடு வாழ்ந்து பழகிய ஜப்பானியர்கள் அதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்துச் சீட்டு வாங்கி வைத்துவிடுகிறார்கள். இங்கே வாழும் நம்மவர்களோ பெரும்பாலும் மார்ச் நடுவில், கண்கள் சிவந்து வீங்கி, இரவுத் தூக்கம் கெட்ட பிறகே மருத்துவமனையைத் தேடுகிறார்கள். கஃபுன்ஷோவில் ஒருவர் படும் பாட்டின் பெரும்பகுதி இந்தத் தாமதத்தால் வருவது என்பதே, இந்த ஊரில் பல வசந்தங்களைக் கடந்துவந்த எனக்குப் பட்ட உண்மை.

இந்நோய்க்குக் காரணமான சுகி என்னும் ஜப்பானிய சீடார் மரங்கள் ஜப்பானின் சொந்த மரங்களே. ஆனால் அவை இவ்வளவு அடர்த்தியாக நிற்பது மனிதர் செய்த ஏற்பாடு. இரண்டாம் உலகப் போரின்போதும் அதற்குப் பின்னும் மொட்டையாகிப்போன மலைகளில், விரைவாகவும் நேராகவும் வளரும் சுகியையும், ஹினோகி என்னும் ஜப்பானிய சைப்ரஸையும் அரசு பெருமளவில் நடச் செய்தது. அவை வெட்டும் பருவத்தை எட்டுவதற்குள் வெளிநாட்டு மரம் மலிவாக இறக்குமதியாகத் தொடங்கியதால், வெட்டுவோரின்றி அப்படியே முதிர்ந்து, ஆண்டுதோறும் மகரந்தத்தைக் கொட்டுகின்றன. காற்றடிக்கும் நாளில் மலைச்சரிவிலிருந்து மஞ்சள் புகை எழுவதைக் காணலாம். மழை பெய்து ஓய்ந்தால் சாலையோரக் குட்டைகளின் விளிம்பில் அதே மஞ்சள் படிந்திருக்கும். காது மூக்கு தொண்டை மருத்துவர்களிடமும் அவர்களது குடும்பத்தினரிடமும் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி, சுகி ஒவ்வாமை உள்ளவர்கள் 1998இல் சுமார் 16 சதவீதம். 2008இல் 26 சதவீதத்துக்கு மேல். 2019இல் 38 சதவீதத்தையும் தாண்டிவிட்டது. 10 ஆண்டுகளில் சுகித் தோட்டக்காடுகளின் பரப்பை ஏறத்தாழ 20 சதவீதம் குறைப்பது, 30 ஆண்டுகளில் மகரந்தத்தைப் பாதியாக்குவது என்று 2023இல் அரசு இலக்கு வைத்திருக்கிறது. நல்ல முடிவுதான். ஆனால் அதன் பலன் நம் பிள்ளைகளின் காலத்துக்கு உரியது. நம் மூக்கை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே வந்த முதல் ஓரிரு வசந்தங்களில் ஒன்றும் ஆகவில்லை என்பதால், 'நம் உடம்புக்கு இது வராது' என்று நம்பிவிடுகிறவர்கள் பலர். ஒவ்வாமை அப்படி வருவதன்று. மகரந்தம் உள்ளே போகப் போக, உடல் அதற்கெதிரான ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளைச் சேர்த்துவைக்கிறது. அது போதுமான அளவு சேர்ந்த பிறகு ஏதோ ஒரு வசந்தத்தில் திடீரென்று அடுக்குத் தும்மல் தொடங்குகிறது. அப்போதும் அதை ஜலதோஷம் என்றே எண்ணி, ஆவி பிடித்து, சுக்குக் கஷாயம் குடித்து நாட்களைக் கடத்துகிறோம். இரண்டையும் பிரித்தறிவது கடினமில்லை. சாதாரணச் சளி ஒரு வாரம், பத்து நாளில் தணிந்துவிடும். மூக்குச்சளியும் போகப் போகக் கெட்டியாகும். கஃபுன்ஷோவில் மூக்கிலிருந்து தெளிந்த நீர் வாரக்கணக்கில் ஒழுகிக்கொண்டே இருக்கும், கண்கள் தாங்க முடியாமல் அரிக்கும், காய்ச்சல் பெரும்பாலும் இராது, வெயிலும் காற்றும் உள்ள நாளில் எல்லாம் கூடிவிடும். சந்தேகம் இருந்தால் ஓர் இரத்தப் பரிசோதனையே எந்த மகரந்தம் காரணம் என்பதைக் காட்டிவிடும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சில் இழுப்புச் சத்தம் கேட்டாலோ அது ஆஸ்துமாவாக இருக்கலாம் என்பதால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

மகரந்தம் பறக்கத் தொடங்கும் என்று கணிக்கப்பட்ட நாளையொட்டி, அல்லது முதல் அறிகுறி இலேசாகத் தென்பட்ட உடனேயே மருந்தைத் தொடங்குவது இங்குள்ள மருத்துவர்களின் வழக்கம். மூக்கின் உட்சவ்வு ஒருமுறை நன்றாக வீங்கிவிட்டால், பிறகு மிகக் குறைந்த மகரந்தமும் அதைத் தூண்டிவிடுகிறது. அந்த வீக்கத்தைத் தள்ளிப்போடுவதே முன்கூட்டித் தொடங்குவதன் பயன். தும்மலுக்கும் ஒழுகலுக்கும் ஹிஸ்டமின் தடுப்பு மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன. பழைய வகை மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும். வண்டி ஓட்டுபவர்கள் ஃபெக்ஸோஃபெனடின் போன்ற, தூக்கம் மிகக் குறைவாக வரும் மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கலாம். அந்த மாத்திரையைத் தண்ணீரோடு மட்டுமே விழுங்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள், கிரேப்ஃப்ரூட் பழச்சாறுகள் அது உடலில் சேர்வதைக் குறைத்துவிடும்.

மூக்கடைப்பு அதிகமாக இருந்தால் மாத்திரை மட்டும் போதாது. ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே தேவைப்படும். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதுமே ஒதுக்கிவிடுகிறவர்கள் நம்மில் அதிகம் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இம்மருந்து மூக்கின் உள்ளேயே செயல்படுவது. உடலுக்குள் சேரும் அளவு மிகக் குறைவு. அடித்த உடனே மூக்கு திறந்துவிடாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். முழுப் பலன் தெரியச் சில நாட்கள் முதல் ஓரிரு வாரங்கள் வரை ஆகும் என்பதால், பருவம் முடியும்வரை நாள் தவறாமல் அடிக்க வேண்டும். முதலில் மெல்லச் சிந்தி மூக்கைச் சுத்தம் செய்துகொண்டு, தலையைச் சற்றே முன்னால் குனிந்து, வலக்கையால் இடது மூக்கிலும் இடக்கையால் வலது மூக்கிலும் ஸ்பிரேயின் முனையை வைத்து, அது அதே பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தை நோக்கி இருக்கும்படி சாய்த்து அடிக்க வேண்டும். கைமாற்றி அடிப்பதற்குக் காரணம், மருந்து இரு மூக்குத் துளைகளுக்கும் இடையிலுள்ள நடுத்தண்டில் படாமல் பக்கச் சுவரில் படும் என்பதே. நடுத்தண்டில் தொடர்ந்து பட்டால் மூக்கில் இரத்தம் கசியும். அடித்த பின் பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

கடையில் வாங்கிய ஸ்பிரே அடித்த ஐந்து நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிட்டால், அது பெரும்பாலும் இரத்தக்குழாய்களைச் சுருக்கும் வகையாக இருக்கும். சில நாட்களுக்கு மேல் அதைத் தொடர்ந்தால் அந்த மருந்தாலேயே மூக்கடைப்பு மோசமாகும். பருவம் முழுவதற்கும் ஒரே ஊசி என்று சில இடங்களில் போடப்படும் ஸ்டீராய்டு ஊசியை இத்துறை வல்லுநர்களே பரிந்துரைப்பதில்லை. அதன் பக்கவிளைவுகள் உடல் முழுவதையும் பாதிக்கக்கூடியவை. தெரிந்தவர்கள் யாராவது நல்லெண்ணத்தில் சொன்னாலும் தயவுசெய்து போட்டுக்கொள்ளாதீர்கள்.

வீட்டுக்குள் மகரந்தம் வருவது பெரும்பாலும் நம் மேலேறித்தான். கம்பளி மேலங்கியில் அது ஒட்டிக்கொள்ளும், வழவழப்பான துணியில் அவ்வளவாக ஒட்டாது. ஆகையால் வெளி மேலங்கியை அதற்கேற்பத் தேர்ந்துகொண்டு, வாசலிலேயே உதறிக் கழற்றி, முகம் கழுவி, முடிந்தால் உடனே தலைக்குக் குளித்துவிடுவது நல்லது. மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்த துணிக்குத்தான் வாசம் என்று வளர்ந்த நமக்கு, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை துணியை வீட்டுக்குள் உலர்த்துவது மனத்துக்கு ஒப்பாத வேலைதான். ஆனால் தலையணை உறையைப் பால்கனியில் காயப்போட்டுவிட்டு அதன்மேல் இரவு முழுக்க முகம் வைத்துப் படுத்தால், வேறு எந்த முன்னெச்சரிக்கையும் பயன்படாது. இரவில் தரையில் படிந்த மகரந்தம் காலையில் ஆட்கள் நடமாடத் தொடங்கியதும் மேலே கிளம்பும் என்பதால், எழுந்தவுடன் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அதன் பிறகு வேக்குவம் கிளீனரை ஓட்டலாம். மூக்கைக் கழுவும் வழக்கம் உள்ளவர்கள், கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பு கலந்து பயன்படுத்த வேண்டும். குழாய்நீரை நேரடியாக மூக்கில் விடக்கூடாது.

எந்த நாள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதைக் கைப்பேசியின் வானிலைச் செயலிகளே சொல்லிவிடுகின்றன. மழைக்கு மறுநாள் வானம் வெளுத்து, சூடும் காற்றும் சேர்ந்தால் அன்று மகரந்தம் மிகும். நகரங்களில் நண்பகலையொட்டியும் பொழுது சாய்ந்த பிறகும் அது கூடும். அந்நேரங்களில் முகக்கவசத்தோடு கண்ணாடியும் அணிவது நல்லது. காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் இந்தப் பருவத்தில் மட்டுமாவது கண்ணாடிக்கு மாறிக்கொள்ளலாம்.

சுகி ஓய்ந்தாலும் ஹினோகி மே மாதத் தொடக்கம் வரை தொடரும் என்பதால், ஏப்ரலில் இலேசாகக் குறைந்ததும் மருந்தை நிறுத்திவிடக்கூடாது. ஆண்டுதோறும் இதே பாடுதானா என்று சலித்துப்போனவர்களுக்கு நாக்கடி மாத்திரை சிகிச்சை ஒன்று உண்டு. சுகி மகரந்தத்தின் சாரத்தைச் சிறிய அளவில் தினமும் கொடுத்து உடலைப் பழக்கும் முறை இது; மருத்துவக் காப்பீடும் உண்டு. மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒரு நிமிடம் வைத்து விழுங்கிவிட்டு, ஐந்து நிமிடம் எதுவும் உண்ணாமல், குடிக்காமல் இருக்க வேண்டும். முதல் மாத்திரையை மருத்துவரின் கண்முன் போட்டுக்கொண்டு, அரைமணி நேரம் அங்கேயே காத்திருக்கச் சொல்வார்கள். மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் விடாமல் எடுக்க வேண்டியிருப்பதால், ஜப்பானில் அவ்வளவு காலம் இருப்போம் என்ற உறுதி உள்ளவர்களுக்கே இது பொருந்தும். மகரந்தம் பறக்கும் பருவத்தில் இதைத் தொடங்க மாட்டார்கள். ஜூன் மாதம் போய்க் கேளுங்கள்.